சொந்தமாகக் கட்டிய விமானத்தில் வால் சரியில்லையா? அறிகுறியை வைத்துக் காரணம் தேடும் வழி

முதல் சில மணி நேரம் பறந்துவிட்டு இறங்கியவர் "மூக்கு ரொம்பத் துள்ளுகிறது", "காலை எடுத்தால் வால் ஆடுகிறது" என்று சொன்னதும் சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்: ட்ரிம் டேப்பை (பின்விளிம்பில் இருக்கும் சின்னத் தகடு) வளை, ஸ்பிரிங் போடு, எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும், கிடை வாலின் அசையும் பகுதி) பெரிதாக்கு. பல நேரம் அது வேறு நோய்க்கான மருந்தாக இருக்கும். வாலில் வரும் தொல்லைகளை நான்காகப் பிரித்துப் பார்த்தால்தான் வழி தெரியும். ட்ரிம் என்பது கையை எடுத்தால் விமானம் எந்த வேகத்தில் நிற்கிறது என்பது. நிலைத்தன்மை என்பது அந்த வேகத்திலிருந்து காற்று அதைத் தள்ளிவிட்டால் தானாகத் திரும்பி வருகிறதா என்பது. கட்டுப்பாட்டுத் திறன் என்பது மிகக் குறைந்த வேகத்திலும் நீங்கள் கேட்ட இடத்துக்கு மூக்கு வருகிறதா என்பது. நான்காவது ஃப்ளட்டர், அதாவது காற்றும் உலோகமும் (அல்லது மரமும் துணியும்) சேர்ந்து ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் அதிர்வு. ட்ரிம்மைத் திருத்தினால் நிலைத்தன்மை ஒரு துளிகூட அதிகமாகாது. எலிவேட்டரைப் பெரிதாக்கினால் திறன் கூடும், கூடவே ஃப்ளட்டர் அபாயமும் கூடலாம். இந்த நான்கையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

கீழே இருப்பது வழக்கமான வால் உள்ள, சுமார் 500 கிலோ எடைக்குள் அடங்கும் ஒன்று அல்லது இரண்டு பேர் விமானங்களை மனத்தில் வைத்து எழுதியது. கனார்ட் வகையை (கிடை வாலுக்குப் பதில் மூக்குப் பக்கம் சின்ன இறக்கை உள்ளது) ஓரிடத்தில் தொட்டுவிட்டுப் போகிறேன்.

வாலைத் தொடுவதற்கு முன்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இது முதல் படி, தாண்டவே கூடாது. விமானத்தை மட்டமாக நிறுத்தி, மூன்று சக்கரத்துக்கும் தராசு வைத்து எடை போடுங்கள். வரைபடத்தில் இருக்கும் எடையை நம்ப வேண்டாம், பெயின்ட், இருக்கை மெத்தை, ரேடியோ எல்லாம் சேர்ந்த பிறகு எடை மையம் எங்கே என்று பார்க்க வேண்டும். அப்புறம் அதைக் காலி விமானத்துக்கு மட்டும் கணக்கிட்டு நிறுத்தாமல், நீங்கள் உண்மையில் பறக்கும் மோசமான சுமைக்கும் கணக்கிடுங்கள். முன்னும் பின்னுமாக இருவர் உட்காரும் விமானத்தில், பின்னால் கனமான ஆள், பை நிறையச் சாமான், எடை மையத்துக்கு முன்னால் இருக்கும் டேங்கில் எரிபொருள் தீர்ந்துபோன நிலை, இதுதான் மோசமான சுமை. புறப்படும்போது எல்லைக்குள் இருந்த மையம் இறங்கும்போது எல்லையைத் தாண்டிப் பின்னால் போயிருக்கலாம்.

அடுத்து, எலிவேட்டர், ரட்டர் (செங்குத்து வாலின் அசையும் பகுதி) இரண்டின் மேல்-கீழ், இட-வல அளவுகளை டிஜிட்டல் கோணமானி வைத்து அளந்து வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்டிக் (விமானி கையில் பிடிக்கும் கம்பு) அதன் ஸ்டாப்பில், அதாவது தடுப்பில், போய் நிற்கிறதா, இல்லை கேபிள் இழுபட்டு நிற்கிறதா என்பதையும் பாருங்கள். ஸ்டெபிலைசரின் (கிடை வாலின் அசையாத பகுதி) இடப்பாதியும் வலப்பாதியும் ஒரே கோணத்தில் இருக்கின்றனவா? செங்குத்து வால் நேராக நிற்கிறதா? ஹிஞ்ச் போல்ட்களில் ஆட்டம் இருக்கிறதா?

மூன்றாவது ஒரு சின்னக் கணக்கு. கிடை வாலின் பரப்பை, எடை மையத்திலிருந்து வாலுக்கு உள்ள தூரத்தால் பெருக்குங்கள். அதை இறக்கைப் பரப்பு, இறக்கையின் சராசரி அகலம் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) இரண்டின் பெருக்கலால் வகுங்கள். இறக்கை 10 சதுர மீட்டர், சராசரி அகலம் 1.4 மீட்டர், வால் 1.9 சதுர மீட்டர், தூரம் 3.8 மீட்டர் என்றால் விடை 0.52. சொந்தமாகக் கட்டும் விமானங்களுக்கு வடிவமைப்புப் பாடநூல்கள் சொல்லும் வழக்கமான எண் 0.5 சுற்றுவட்டாரம்தான். செங்குத்து வாலுக்கு வகுக்கும்போது இறக்கை அகலத்துக்குப் பதில் இறக்கையின் முழு நீளத்தைப் போட வேண்டும், அங்கே வழக்கமான எண் 0.04. உங்கள் எண் இதைவிட வெகுவாகக் குறைந்தால், நீங்கள் அனுபவிக்கும் தொல்லை கட்டுமானக் குறை இல்லை, வடிவமைப்பிலேயே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வரைபடப்படியே கட்டியவருக்கு இந்த எண் பெரும்பாலும் சரியாகவே வரும். அழகுக்காக உடற்பகுதியைக் கொஞ்சம் குறுக்கியவர், மூக்கில் நீளமான எஞ்சின் வைத்தவர் இவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு கண்ணைத் திறக்கும்.

ஸ்டிக்கைத் தொட்டாலே மூக்கு எகிறுகிறது

அடிக்கடி வரும் புகார் இது. ஆபத்தும் அதிகம், ஏனென்றால் விமானி பழகிக்கொண்டு "என் விமானம் சுறுசுறுப்பு" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

போதுமான உயரத்தில், அமைதியான காற்றில், 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) வேகத்தில் கையை எடுத்தாலும் நிற்கிற மாதிரி ட்ரிம் செய்யுங்கள். பவரையும் ட்ரிம்மையும் தொடாமல் ஸ்டிக்கை மட்டும் இழுத்து 80 நாட்டுக்குக் கொண்டுவாருங்கள். அந்த 80-ஐப் பிடித்து வைக்க இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் நல்லது. இழுவையே தேவைப்படாமல் அங்கேயே நின்றால் நிலைத்தன்மை கிட்டத்தட்ட இல்லை. 80-இல் நிற்க நீங்கள் முன்னால் தள்ள வேண்டியிருந்தால் விமானம் நிலையற்றது. சோதனையை அத்தோடு நிறுத்தி, ஸ்டிக்கைச் சின்னச் சின்னதாக மட்டும் அசைத்து இறங்கிவிடுங்கள்.

இழுவை இருக்கிறது என்றால் மெதுவாக விட்டுப் பாருங்கள். வேகம் 90-ஐத் தாண்டிப் போய்த் திரும்பி, ஏறி இறங்கி, நிதானமாக அடங்கும். 100 நாட் வேகத்தில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 23 நொடி எடுக்கும். அடங்க நேரமானாலும் பயப்பட ஒன்றுமில்லை, இது எல்லா விமானத்திலும் உண்டு, கை தானாகவே சரிசெய்துவிடும். கவலைப்பட வேண்டியது வேகமான துள்ளலைப் பற்றி: ஸ்டிக்கைச் சட்டென்று தட்டிவிட்டால் மூக்கு ஒன்றிரண்டு நொடி கணக்கில் மேலும் கீழும் ஆடுவது. அது ஒரு ஆட்டத்திலோ இரண்டிலோ செத்துவிட வேண்டும்.

சரி, காரணம் எது? எடை மையத்தைச் சராசரி அகலத்தில் இரண்டு மூன்று சதவீதம் முன்னால் நகர்த்தி அதே சோதனையைத் திரும்பச் செய்தால் தெரிந்துவிடும். நம் 1.4 மீட்டர் கணக்கில் 3 சதவீதம் என்பது 42 மில்லிமீட்டர். இருக்கைக்குப் பின்னால் இருக்கும் 12 கிலோ பேட்டரியை 1.8 மீட்டர் முன்னால், எஞ்சினுக்குப் பின்னால் உள்ள ஃபயர்வால் தடுப்புக்குக் கொண்டுபோனால் 500 கிலோ விமானத்தில் மையம் 43 மில்லிமீட்டர் முன்னால் வருகிறது. முன்னால் நகர்த்தியதும் இழுவை தெளிவாகக் கூடினால் உங்கள் பிரச்சினை எடை மையம், வால் இல்லை. பேட்டரியை அங்கேயே வைத்துவிட்டு, பின் எல்லையையும் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த எல்லையை ஊகிக்க வேண்டாம், அளந்தே கண்டுபிடிக்கலாம். ஸ்டிக்கின் தலையில் தையல்காரர் டேப்பின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைப் பேனலில் ஒரே இடத்தில் பிடித்து, நான்கு வேகங்களில் ஸ்டிக் எங்கே இருக்கிறது என்று மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். கிராஃப் தாளில் வேகம் ஒரு பக்கம், ஸ்டிக் இடம் ஒரு பக்கம். முன்னால் இருக்கும் எடை மையத்தில் கோடு நல்ல சாய்வாக வரும், மையம் பின்னால் போகப் போகச் சாய்வு குறையும். இரண்டு மூன்று மையங்களில் பறந்து, சாய்வு பூஜ்ஜியமாகும் இடத்தைத் தாளில் நீட்டிப் பாருங்கள், அதுதான் நடுநிலைப் புள்ளி. தாளில்தான் அங்கே போக வேண்டும், விமானத்தில் போகக் கூடாது. அந்தப் புள்ளிக்கும் உங்கள் பின் எல்லைக்கும் இடையே சராசரி அகலத்தில் குறைந்தது 5 சதவீதம் இடைவெளி இருக்கட்டும், 10 இருந்தால் நிம்மதி.

மையத்தை முன்னால் கொண்டுவந்தும் துள்ளல் மாறவில்லையா? அப்போது ஸ்டிக்கின் விகிதத்தைப் பாருங்கள். குட்டையான ஸ்டிக், சின்ன அசைவுக்கே எலிவேட்டர் பல டிகிரி திரும்புகிற இணைப்பு, இதெல்லாம் நிலையான விமானத்தைக்கூடத் துள்ளவைக்கும். முழுதாகத் திரும்பும் கிடை வால் வைத்த விமானங்களில் பின்விளிம்பில் இருக்கும் எதிர்ச்சர்வோ டேப் அதே திசையில், வாலைவிட அதிகமாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். அந்த டேப்தான் கைக்குக் கனம் கொடுக்கிறது. இணைப்பு தலைகீழாகிவிட்டால் விமானம் பறக்கத் தகுதியில்லை.

இன்னொரு விஷயம், உராய்வு. கேபிள் கப்பியில் இறுக்கமாகவோ புஷ்ராட் தாங்கியில் உரசிக்கொண்டோ இருந்தால், ஸ்டிக் விட்ட இடத்திலேயே நின்றுவிடும், விமானம் எந்த வேகத்துக்கும் திரும்பாது. இதைப் பார்த்து நிலைத்தன்மை இல்லை என்று முடிவு கட்டிப் பெரிய வால் செய்யக் கிளம்பிவிடுவார்கள். தரையில் எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டிக்கை விரல் நுனியால் நகர்த்தி, தொடங்க எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்று சின்ன ஸ்பிரிங் தராசால் பாருங்கள்.

ஸ்பிரிங் வைத்தியம் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டிக்கை முன்னால் இழுக்கும் ஸ்பிரிங் கைக்கு வேண்டிய கனத்தைக் கொடுக்கும், அது நியாயமான உபாயம், தொழிற்சாலை விமானங்களிலும் உண்டு. ஆனால் ஸ்டிக்கை அசையாமல் பிடித்திருக்கும்போது விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது மாற்றாது. எடை மையம் பின்னால் போன விமானத்துக்கு ஸ்பிரிங் போடுவது வலியை மறைக்கிறது, அவ்வளவுதான், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உண்மையிலேயே வால் போதவில்லை என்றால் பரப்பைக் கூட்டுங்கள். அகலத்தை நீட்டுவதைவிட இரு பக்கமும் நீளத்தைக் கூட்டினால் அதே பரப்புக்குப் பலன் அதிகம், ஆனால் உள்ளே பாரம் தாங்கும் நீளமான ஸ்பாருக்கும் இணைப்புகளுக்கும் பாரம் கூடும், அதைக் கணக்கிட்டாக வேண்டும். ஜிம் பீட் வடிவமைத்த பிடி-5 முதலில் 1971-இல் வி-வடிவ வாலோடு எழும்பியது. நிலைத்தன்மை திருப்தியாக இல்லாததால் வி-வாலைத் தூக்கிப்போட்டுவிட்டு வழக்கமான செங்குத்து வால், கிடை வால் என்று மாற்றினார்கள். அனுபவமுள்ள குழுவே வாலைத் திரும்பச் செய்திருக்கிறது என்பதால், நீங்கள் செய்ய நேர்ந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நேராகப் பறக்கும்போதும் ஸ்டிக்கைத் தள்ளிக்கொண்டே, அல்லது இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது

இது ட்ரிம். நிலைத்தன்மையோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். வழக்கமான வேகத்தில், வழக்கமான சுமையில் பறக்கும்போது பக்கத்து விமானத்திலிருந்தோ வாலைப் பார்க்கிற மாதிரி ஒட்டிய கேமராவிலோ எலிவேட்டரைப் படம் எடுங்கள். எலிவேட்டரின் பின்விளிம்பு ஸ்டெபிலைசரின் கோட்டிலிருந்து கீழே தொங்கினால், ஸ்டெபிலைசரின் முன்விளிம்பைச் சற்று உயர்த்த வேண்டும். மேலே தூக்கிக்கொண்டிருந்தால் முன்விளிம்பைத் தாழ்த்த வேண்டும். முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் 300 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் அரை டிகிரிக்குச் சுமார் 2.5 மில்லிமீட்டர் ஷிம் (இடையில் வைக்கும் தகடு). அதற்குமேல் ஒரே தடவையில் போக வேண்டாம். ஷிம் போட்டதும் போல்ட்டின் நீளம் போதுமா, நட்டுக்கு வெளியே மரை தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள், இதை மறந்துவிடுவது சுலபம்.

காலை எடுத்தால் பந்து நடுவில் நிற்பதில்லை

பந்து என்பது விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று பேனலில் காட்டும் கருவியின் பந்து. முதலில் அதையே சந்தேகப்படுங்கள். விமானத்தைத் தரையில் குறுக்குவாக்கில் மட்டப்பலகை வைத்து நேராக்கிவிட்டு, பந்து நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். கருவியைக் கோணலாகத் திருகிவிட்டு ரட்டரைத் திட்டுவது நியாயமில்லை.

பந்து சரி என்றால், குரூஸ் வேகத்தில் அது இடப்பக்கம் போய் நின்றால் இடப்பெடல் தேவை என்று அர்த்தம். ரட்டரின் பின்விளிம்பில் வலப்பக்கத்தில் ஒரு சின்ன மர ஆப்பைத் தற்காலிகமாக ஒட்டும் டேப்பால் ஒட்டுங்கள். அது காற்றை வலப்புறம் ஒதுக்கி ரட்டரை இடப்புறம் தள்ளும். பந்து எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் ஆப்பு, இதை நினைவில் வைத்தால் போதும். நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பந்து நடுவுக்கு வந்த அளவில் நிரந்தரமாக ஒன்று செய்துகொள்ளலாம். ஏறும்போது கால் வேண்டியிருப்பது எஞ்சினால் வருவது, அதை ஆப்பு போட்டு நீக்க முயல வேண்டாம். லைகாமிங், கான்டினென்டல் எஞ்சின்களில் வலக்கால், டைகர் மாத்தில் இருக்கும் ஜிப்சி மேஜரில் ப்ரொப்பெல்லர் மறுபக்கம் சுற்றுவதால் இடக்கால்.

ஒரு இறக்கை கனமாகத் தொங்குகிறது என்ற புகாரும் கூட இருந்தால், பந்தை நடுவில் நிறுத்திய பிறகுதான் ஏலிரானுக்கு (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும், இறக்கையின் அசையும் பகுதி) போக வேண்டும். பல தடவை இறக்கைக் கனம் அதோடு போய்விடும்.

முரட்டுக் காற்றில் வால் இடமும் வலமும் ஆடுகிறது

இரண்டு தடவை பறந்து பாருங்கள்: ஒரு தடவை கால் தரையில், இன்னொரு தடவை பெடல்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. பிடித்ததும் ஆட்டம் நின்றால் ரட்டர் காற்றில் மிதக்கிறது. கேபிள் தளர்ந்திருக்கலாம். அலுமினிய உடற்பகுதி வெயிலில் எஃகு கேபிளைவிட அதிகம் விரியும், குளிரில் அதிகம் சுருங்கும், அதனால் மத்தியானம் சரியாக இருந்த இறுக்கம் குளிர்ந்த காலையில் இருக்காது. இல்லையென்றால் ரட்டரின் மேல் கொம்பு ஹிஞ்சுக்கு முன்னால் அதிகமாக நீண்டிருக்கும். இல்லையென்றால் ரட்டரின் தோல் பின்பக்கம் உப்பியிருக்கும். உப்பலைக் கண்டுபிடிக்க ஸ்பாரிலிருந்து பின்விளிம்பு வரை ஒரு நேரான ஸ்கேலை வைத்து எதிர்ப்பக்கம் வெளிச்சம் காட்டுங்கள். ஸ்கேல் நடுவில் தொட்டு ஓரங்களில் வெளிச்சம் தெரிந்தால் உப்பல். தட்டையாக இருக்க வேண்டும், கொஞ்சம் உள்வாங்கியிருந்தாலும் பரவாயில்லை. உப்பிய ரட்டர் நடுவில் நிற்க மறுத்து இங்கும் அங்கும் தேடிக்கொண்டே இருக்கும்.

பெடலைப் பிடித்தும் ஆடினால் செங்குத்து வால் போதவில்லை. 0.04 கணக்குக்குத் திரும்புங்கள். பெரிய சக்கர மூடிகள் பொருத்திய பிறகு வந்த ஆட்டம் என்றால் காரணம் அதுவே, எடை மையத்துக்கு முன்னால் சேரும் பக்கப் பரப்பு செங்குத்து வாலின் வேலையைத் தின்றுவிடுகிறது. உடற்பகுதியின் அடியில் சின்ன வென்ட்ரல் ஃபின் பொருத்துவது எளிய பரிகாரம்.

பக்கவாட்டில் சறுக்கி இறங்கும்போது பெடல் தானாகவே முழுதாகப் போய் ஒட்டிக்கொள்கிறது என்றால் அது வேறு தொல்லை: செங்குத்து வால் ஸ்டால் ஆகி (கோணம் மீறியதால் காற்று அதைவிட்டுப் பிரிந்து விசை குறைந்து), ரட்டர் பூட்டிக்கொள்கிறது. இரண்டாம் உலகப்போரில் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானத்தின் ஆரம்ப முக்கோண வால்களில் இது உயிரைப் பறித்தது, பிறகு வால் வடிவத்தையே மாற்றினார்கள். சின்ன விமானத்துக்குச் செங்குத்து வாலின் அடியில் முன்னோக்கிச் சரியும் டார்சல் ஃபின் போதும், அது இருந்தால் பெரிய சறுக்கல் கோணத்திலும் வால் ஸ்டால் ஆகாது. அதுவரை ஆழமான சறுக்கல் வேண்டாம்.

இறங்கும்போது மூக்கு தூக்க மாட்டேன் என்கிறது

ஸ்டிக் வயிற்றில் ஒட்டியும் மூக்குச் சக்கரம் முதலில் தரையைத் தொட்டால், முதலில் எடை மையம் முன் எல்லைக்கு வெளியே போயிருக்கிறதா என்று பாருங்கள். தனியாக, சாமான் இல்லாமல், முன் டேங்க் நிறைய இருக்கும்போது மட்டும் வந்தால் அதுதான். அப்புறம் எலிவேட்டர் மேல்நோக்கி வரைபடம் சொன்ன அளவு திரும்புகிறதா என்று பாருங்கள். விமானி உட்கார்ந்த பிறகு தொடையில் ஸ்டிக் முட்டி நாலு டிகிரி இழந்த விமானங்களும் உண்டு, அதனால் ஆளை உட்காரவைத்து அளக்க வேண்டும். 25, 30 டிகிரிக்கு மேல் எலிவேட்டரைத் திருப்பினால் அதன் மேல் காற்று பிரிந்துவிடும், பலன் பெரிதாக அதிகரிக்காது, எனவே ஸ்டாப்பை அரைத்துத் தள்ளுவது நல்ல வழி இல்லை.

உயரத்தில் சோதித்தபோது நன்றாக வந்த மூக்கு தரைக்குப் பக்கத்தில் வராததற்குக் காரணம் உண்டு. தரைக்கு அருகில் இறக்கையிலிருந்து கீழ்நோக்கி வரும் காற்று குறைகிறது, வால் காணும் கோணம் மாறுகிறது, மூக்கு தாழ்கிறது. அதனால் உயரத்தில் முழு ஃபிளாப்போடு (இறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் பகுதி) ஸ்டால் வரை போகும்போது ஸ்டிக் அசைவில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டெபிலைசருக்கும் எலிவேட்டருக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஒட்டும் டேப்பால் மூடிப் பாருங்கள், மூடிய டேப் சுருண்டு எலிவேட்டரைப் பூட்டாத மாதிரி. அடுத்தது ஸ்டெபிலைசரின் அடிப்பக்கத்தில் வார்டெக்ஸ் ஜெனரேட்டர் (காற்று பிரியாமல் ஒட்டி ஓடச் செய்யும் சின்னத் தகடுகள்). மூக்கைத் தூக்கும்போது வால் கீழ்நோக்கி இழுக்கிறது என்பதால் உறிஞ்சல் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது, மேலே ஒட்டினால் பயனில்லை. கிரிஸ் ஹைன்ட்ஸின் சிஎச் 701 போன்ற குட்டையான ஓடுதளத்துக்கான விமானங்களில் கிடை வாலின் குறுக்குவெட்டே தலைகீழாக இருப்பதும் இதற்காகத்தான்.

ஃபிளாப் இறக்கியதும் மூக்கு தானாகக் கவிழ்கிறது

ஃபிளாப்பால் வாலின் மேல் விழும் காற்று இன்னும் கீழ்நோக்கிச் சாய்கிறது, வால் அடிப்பக்கத்தில் ஸ்டால் ஆகலாம். ஸ்டிக் தானாகவே முன்னால் இழுபடுவது அடையாளம். இறக்கை ஸ்டாலுக்கு மூக்கைத் தாழ்த்துவோம், இங்கே நேர்மாறு: ஸ்டிக்கை இழுங்கள், ஃபிளாப்பை முன்பிருந்த நிலைக்கு ஏற்றுங்கள். சரிசெய்யும்வரை ஃபிளாப் கோணத்துக்கு எல்லை வையுங்கள்.

கனார்ட் விமானத்தில் மழைக்குள் நுழைந்ததும் மூக்கு தாழ்வது இதன் உறவுக்காரப் பிரச்சினை. பர்ட் ருட்டனின் லாங்-ஈஸியில் முன் இறக்கையின் பழைய குறுக்குவெட்டு ஈரமானால் தூக்குவிசையை இழந்தது, ஜான் ரான்ஸ் செய்த புதிய குறுக்குவெட்டுக்கு மாறியதும் தீர்ந்தது. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் 1980களில் கட்டிப் பறக்கவிட்ட கனார்ட் ஆராய்ச்சி விமானமும் லாங்-ஈஸி வழி வந்ததுதான்.

வழக்கமான கோணங்களில் நன்றாகப் பறப்பதால் எல்லாக் கோணத்திலும் பறக்கும் என்று நினைக்கக் கூடாது. பிரான்சில் ஆன்றி மினியே 1930களில் வடிவமைத்த பூ-து-சியல் ஆயிரக்கணக்கானோரைச் சொந்தமாகக் கட்டத் தூண்டியது. அதில் எலிவேட்டர் கிடையாது, முன் இறக்கையே சாய்ந்து மூக்கைக் கட்டுப்படுத்தும். பலர் டைவிலிருந்து மீளாமல் இறந்தார்கள். 1936-இல் பிரான்சிலும் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவிலும் முழு அளவுக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: மூக்கு குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் கவிழ்ந்தால், நெருக்கமாக இருந்த இரண்டு இறக்கைகளுக்கு நடுவே பாயும் காற்று பின் இறக்கையைத் தூக்கிக்கொண்டே இருந்தது, ஸ்டிக்கை முழுதாக இழுத்தாலும் மூக்கு வரவில்லை.

ஸ்டிக்கிலோ பெடலிலோ ரீங்காரம், உதறல்

இதைப் படிக்கிறவர்கள் மற்றதை மறந்தாலும் இந்தப் பகுதியை நினைவில் வையுங்கள். பறக்கும்போது வந்தால்: பவரை முழுதாகக் குறையுங்கள், ஸ்டிக்கைக் கெட்டியாகப் பிடியுங்கள், மூக்கை மெதுவாக உயர்த்தி வேகத்தைக் கொட்டுங்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டாம், வால் ஏற்கெனவே பாரத்தில் இருக்கிறது. நின்றதும் அந்த வேகத்துக்குத் திரும்பப் போய் "நிஜமாக வந்ததா" என்று பார்க்கவே கூடாது. குறைந்த வேகத்தில் இறங்கி, ஹிஞ்ச், ஸ்பார், ரிவெட் எல்லாவற்றையும் பாருங்கள்.

தரையில் முதல் கேள்வி, அது ஃப்ளட்டரா, வெறும் பஃபெட்டா. இறக்கை உடற்பகுதியோடு சேரும் மூலையில் காற்று பிரிந்து வாலில் மோதினால் வருவது பஃபெட். கோணத்தோடும் ஃபிளாப்போடும் மாறும், பெரும்பாலும் குறைந்த வேகத்தில் வரும். நூல் துண்டுகளை அந்த மூலையில் ஒட்டிக் கேமராவில் பார்த்தால் நூல் சுழல்வது தெரியும், அங்கே வளைவான ஃபேரிங் செய்து மூடினால் தீரும். வேகம் ஒரு அளவைத் தொட்டதும் திடீரென்று தொடங்கி வேகம் குறைந்ததும் நிற்பதை ஃப்ளட்டர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எலிவேட்டரைக் கழற்றி, ஹிஞ்ச் போல்ட்களை மட்டமான இரண்டு கண்ணாடித் துண்டுகளின் மேல் உருளும்படி வையுங்கள். வரைபடம் நூறு சதவீதம் சமநிலை கேட்டால் எலிவேட்டர் கிடையாக அப்படியே நிற்க வேண்டும். பின்விளிம்பு கீழே சாய்ந்தால் முன்னால் ஈயம் போதவில்லை. இதைப் பெயின்ட் அடித்த பிறகு, ட்ரிம் டேப்பும் அதன் கம்பியும் மாட்டிய பிறகு செய்ய வேண்டும். பெயின்ட்டின் பெரும்பகுதி ஹிஞ்சுக்குப் பின்னால்தான் விழுகிறது; முன்னால் இருக்கும் ஈயத்தின் கை குட்டை, பின்விளிம்பின் கை நீளம், அதனால் பின்விளிம்பில் 10 கிராம் கூடினால் முன்னால் 30, 40 கிராம் ஈயம் கேட்கும். வடிகால் துளை அடைபட்டு உள்ளே தேங்கிய மழைத்தண்ணீரும் இதே வேலையைச் செய்யும். எலிவேட்டரைத் தூக்கிச் சாய்த்துக் காது கொடுத்துக் கேளுங்கள்.

அடுத்து ட்ரிம் டேப். ஒருவர் எலிவேட்டரை அசையாமல் பிடிக்க, நீங்கள் டேப்பின் பின்விளிம்பை இரண்டு விரலால் மேலும் கீழும் லேசாக நகர்த்தி, பக்கத்தில் பிடித்த ஸ்கேலில் எவ்வளவு என்று பாருங்கள். அமெரிக்க விமானத்துறையின் பழைய எளிய விதி இது: டேப்பின் நீளம் எலிவேட்டர் நீளத்தில் 35 சதவீதத்துக்குள் இருந்தால், மொத்த ஆட்டம் டேப்பின் அகலத்தில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. டேப் அதைவிட நீளம் என்றால் 1 சதவீதம். 75 மில்லிமீட்டர் அகல டேப்புக்கு 1.5 மில்லிமீட்டர், அவ்வளவுதான். தேய்ந்த ஹிஞ்ச் பின் ஒன்றே இதைத் தாண்டவைத்துவிடும். 2011 செப்டம்பரில் ரீனோ பந்தயத்தில் "கேலோப்பிங் கோஸ்ட்" என்ற மாற்றியமைத்த பி-51 போர் விமானம் பார்வையாளர்கள் அருகே விழுந்து விமானியோடு சேர்த்து 11 பேர் இறந்தார்கள். ட்ரிம் டேப்பின் ஹிஞ்ச் திருகுகளைப் பிடிக்கும் லாக்நட்கள் தளர்ந்து, டேப் ஃப்ளட்டரில் மாட்டியது என்று விசாரணை சொன்னது. ஒரு தடவை போட்டுக் கழற்றிய லாக்நட்டைத் திரும்பப் போடாதீர்கள், காசு மிச்சம் பிடிக்க வேறு இடம் பாருங்கள்.

ஃப்ளட்டர் வாலுக்கு மட்டும் சொந்தமில்லை. ஜோடியாக் சிஎச் 601 எக்ஸ்எல் விமானங்கள் சில வானத்திலேயே உடைந்த பிறகு, அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2009-இல் அவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்தச் சொன்னது. பிறகு வந்த திருத்தத் தொகுப்பில் இறக்கை வலுவூட்டலோடு ஏலிரானுக்கு எதிரெடையும் சேர்ந்தது.

உயரமும் கணக்கில் வரும். ஃப்ளட்டர் பார்ப்பது காற்றில் நீங்கள் உண்மையில் போகும் வேகத்தை, மீட்டர் காட்டுவதை அல்ல. 12,000 அடியில் மீட்டர் 160 நாட் காட்டும்போது உண்மை வேகம் சுமார் 190. சொந்தமாகக் கட்டும் விமானங்களை விற்கும் வேன்ஸ் நிறுவனம் தன் ஆர்வி விமானங்களுக்கு விஎன்இ-யை (ஒருபோதும் தாண்டக் கூடாத வேகம்) உண்மை வேகமாகவே எடுத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். பெரிய எஞ்சினோ டர்போவோ வைத்து உயரத்தில் பறப்பவர்கள் மீட்டரின் சிவப்புக் கோட்டை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

ஸ்பின் நிற்க நேரமாகிறது

ஸ்பின் என்பது ஸ்டால் ஆன விமானம் சுழன்றுகொண்டே கீழே விழுவது. பாராசூட் இல்லாமல், கதவைக் கழற்றிவிட வழியில்லாமல், அனுபவமுள்ள சோதனை விமானி இல்லாமல் இதைச் சோதிக்கவே வேண்டாம். தாளில் பார்க்கலாம்: வாலின் பக்கவாட்டு வரைபடத்தில் கிடை வாலின் முன்விளிம்பிலிருந்து 60 டிகிரி, பின்விளிம்பிலிருந்து 30 டிகிரி சாய்வில் மேல்நோக்கி, பின்பக்கமாகச் சாய்த்துக் கோடு போடுங்கள். இரண்டுக்கும் நடுவே மாட்டும் ரட்டர் பகுதி ஸ்பின்னில் செத்த காற்றில் இருக்கும். ரட்டரில் மூன்றில் ஒரு பங்காவது வெளியே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ரட்டரைக் கிடை வாலுக்குக் கீழேயும் நீட்டுவது, கிடை வாலை முன்னோ பின்னோ நகர்த்துவது, வென்ட்ரல் ஃபின் வைப்பது வழிகள். இவை எல்லாமே பெரிய வேலை. ஸ்பின் கூடாது என்று பேனலில் எழுதி ஒட்டிவிட்டு ஸ்டாலை மதித்துப் பறப்பது பெரும்பாலானவர்களுக்குப் போதும் என்பது என் கருத்து.

திருத்திய பிறகு

ஒரு பறப்புக்கு ஒரு மாற்றம். ஷிம்மும் டேப்பும் பேட்டரியும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. அமெரிக்காவில் வாலின் பரப்பையோ அமைப்பையோ மாற்றினால் அது பெரிய மாற்றம். இயக்க நிபந்தனைகளின்படி விமானம் மறுபடி சோதனைக் கட்டத்துக்குள் போகும், வழக்கமாகக் குறைந்தது 5 மணி நேரம், ஆளில்லாத பகுதியில், தனியாக. மற்ற நாட்டில் இருப்பவர்கள் தங்கள் ஆய்வாளரைக் கேட்டுவிட்டே கையை வையுங்கள். பதிவேட்டில் பழைய ஷிம்மின் தடிமன், பழைய எடை மையம், மாற்றத்துக்கு முன் 80 நாட்டில் ஸ்டிக் நின்ற இடம், எலிவேட்டரின் முன்னால் சேர்த்த ஈயத்தின் எடை இவை நான்கையும் தேதியோடு எழுதுங்கள். பிறகு முன் எடை மையத்தில் தொடங்கி, ட்ரிம் சோதனை, ஸ்டால், வேகத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டிப் போவது என்று வரிசையாகப் பறந்துவிட்டு, கடைசியாகத்தான் பின் எல்லைக்குப் போங்கள்.